நரிக்குப் போட்ட கல்

ரூபெர்ட் மௌட்டன் வண்டியிலிருந்து இறங்கிய விதமே அல்பெர்டினாவுக்கு எரிச்சலாக இருந்தது. முதலில் ஒரு பூட்ஸ் கால் வெளியே வந்தது. புத்தம் புதியது, தூசி படாதது. பிறகு தொப்பி வந்தது. அதற்கப்புறம்தான் ஆள். மலைக்குக் கல் தேடி வருகிறவன் பூட்ஸைப் பளபளவென்று வைத்திருந்தால், அவன் வண்டியை விட்டு இறங்காமலே கல்லைப் பார்க்கிற ஆள் என்று அர்த்தம். ஆறு வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவளுக்கு இதைச் சொல்லித் தர யாரும் வேண்டாம்.

விவாகரத்தாகி மூன்று வருஷமாகிவிட்டது. இப்போது அவனுக்குத் தலைநகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாவது மாடியில் அறை, கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை. அல்பெர்டினாவுக்கு மால்டாஹோஹே ஊரைத் தாண்டி இரண்டு மணி நேரத்தில் வரும் இந்தக் கொராபிஸ் பண்ணையில், அக்கா வீட்டுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் கல் மூட்டைகள்.

அக்கா சானா ஆட்டுப் பட்டியிலிருந்து பால் வாளியோடு வந்தாள். வண்டியைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள்.

"டீனா, பழைய மாப்பிள்ளை வந்திருக்கார். டீக்குத் தண்ணி வைக்கட்டுமா, நாயை அவிழ்த்து விடட்டுமா?"

"டீயே வை. நாய்க்கு வயித்துக்கு ஆகாது."

ரூபெர்ட் சிரித்தான். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று தெரிந்தும் சிரிக்கிற வித்தை அவனிடம் உண்டு. அதைப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் அவனுக்குப் பெரிய மனசு என்று அல்பெர்டினா நினைத்திருந்தாள். மனசெல்லாம் இல்லை. காதில் விழுந்தது உள்ளே போகாது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் வருவதாக இருந்தது. உலகத்தில் முதன்முதலாக உடம்புக்கு ஓடும் கூடும் கட்டிக்கொண்ட பிராணிகளைத் தேடித் திரிகிறவர்கள். சீனாவிலிருந்து பேராசிரியை லியாங் தலைமை. இந்தப் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட பிராணி முதலில் தென்படுவது எந்த அடுக்கில் என்று பார்த்து முடிவு செய்வார்கள். அந்த இடத்தில் துளைபோட்டு ஆராயப் போகிறார்கள். யாருடைய அடுக்கை ஒப்புக்கொள்கிறார்களோ அவர்தான் அந்த வேலைக்குத் தலைமை.

அல்பெர்டினாவின் அடுக்கு ஏழாம் எண். ஒன்பது குளிர்காலம் முழங்காலால் ஊர்ந்து அளந்தது. மலைச்சரிவின் நடுவே விரல் தடிமனில் மஞ்சளாக ஒரு எரிமலைச் சாம்பல் கோடு ஓடும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற பாறையில் வெறும் சதைகளின் பதிவுதான். இலை மாதிரியும் மெத்தை மாதிரியும் கடலடியில் கிடந்த பிராணிகள். ஓடும் கிடையாது, பல்லும் கிடையாது. கோட்டுக்கு மேலே நான்கு மீட்டர் ஏறினால் ஏழாம் அடுக்கு. அங்கேதான் திடீரென்று, சுண்டுவிரல் நகம் அளவில், காம்பு வைத்த கிண்ணங்கள். காம்பு கடலடியில் ஊன்றியிருக்கும், கிண்ணம் மேலே பார்த்திருக்கும். சுண்ணாம்பால் ஆன கூடு. உலகத்தில் இருக்கிற எல்லா எலும்புக்கும் சிப்பிக்கும் மூத்தவற்றில் அதுவும் ஒன்று. கீழே ஒன்றுகூடக் கிடையாது என்று அவள் சத்தியம் செய்து எழுதியிருந்தாள்.

"கீழேயும் இருக்கு" என்றான் ரூபெர்ட், டீயை ஊதிக்கொண்டே. "சாம்பல் கோட்டுக்குப் பதினோரு மீட்டர் கீழே. போன மாசம் ரெண்டு நாள் வந்திருந்தேன். நீ ஊர்ல இல்ல."

"ரெண்டு நாளா? மூச்சு வாங்கியிருக்குமே. நடுவுல உட்கார்ந்துக்கிட்டியா?"

"படத்தைப் பாரு, டீனா."

மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை ஒன்றின் விளிம்பு. அவன் அதைத் தேய்த்து மெருகேற்றியிருந்தான். விளிம்பு முழுக்கக் கிண்ணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சந்தேகமே இல்லை, அதே பிராணி. அல்பெர்டினா எதையும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு உற்றுப் பார்த்தாள். கிண்ணங்கள் எல்லாம் தலைகீழாக இருந்தன. காம்பு மேலே, வாய் கீழே.

"படத்தைத் தலைகீழா போட்டிருக்கே."

"இல்ல. அப்படித்தான் இருக்கு. அதுதான் விஷயமே." ரூபெர்ட் முன்னால் சாய்ந்தான். "கடலடியில சின்னச் சின்னப் பொந்து இருந்திருக்கும். அந்தப் பொந்துக்குள்ள, கூரையில ஒட்டித் தொங்கியிருக்கு, வவ்வால் மாதிரி. ஏன்னா பயம். தின்ன வர்ற ஏதோ ஒண்ணு அப்பவே வந்தாச்சு. முதல்ல ஒளிஞ்சிருக்கு, ஒளிஞ்ச இடத்துல ஓடு கட்டியிருக்கு. எலும்புக்கூடுங்கிறது பயத்துல பிறந்தது, டீனா. கட்டுரைக்குத் தலைப்பே அதுதான்."

"வவ்வால்."

"உவமைக்குச் சொன்னேன்."

"ஒரு கல்லை வச்சுக்கிட்டு ஒரு பொந்து கட்டி, பொந்துக்குள்ள கூரை போட்டு, கூரையில வவ்வாலையும் தொங்க விட்டுட்டே. கதவுல பேர்ப்பலகை மாட்ட வேண்டியதுதான் பாக்கி."

அடுப்போரத்தில் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்த சானா திரும்பாமலே சிரித்தாள். அல்பெர்டினா எழுந்து போய் டீக் கெட்டிலை எடுத்து வந்து மூடியைக் கழற்றி அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். உள்ளே வெள்ளையாக, தடிப்பாக, சுண்ணாம்பு படிந்து கிடந்தது. கொராபிஸ் ஆழ்குழாய்த் தண்ணீர் அப்படி. ஒரு வருஷத்தில் கெட்டில் பாதி கல்லாகிவிடும்.

"இந்தக் கெட்டில் யாருக்குப் பயந்து ஓடு கட்டிக்கிச்சு, ரூபெர்ட்? கடல் தண்ணியில அப்ப சுண்ணாம்பு ஜாஸ்தி. உடம்புக்குள்ள வந்தது தாங்கல, வெளியே தள்ளுச்சு. தள்ளினது இறுகிடுச்சு. முதல் கூடு வெறும் குப்பை. அதைத்தான் இத்தனை வருஷமா சொல்றேன்."

"அப்ப ஓட்டுல துளை போட்டிருக்கே, அது யாரு? கெட்டிலை எவனாவது துளை போட்டுத் தின்ன வர்றானா?"

துளைகள் உண்மைதான். அவளே படம் எடுத்திருக்கிறாள். இந்த ஆளிடம் எப்போதுமே ஒரு உருப்படியான கேள்வி மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு மீதி உருப்படாததையெல்லாம் ஓட்டிவிடுவான்.

சானா தணலிலிருந்து ரொட்டியை எடுத்துத் தட்டிச் சாம்பலை உதறினாள். "இதுக்கா ரெண்டு பேரும் பிரிஞ்சீங்க? எங்க பட்டியில புழுக்கையை ஓரமாத் தள்ளித் தள்ளித்தான் இடுப்பளவு வரப்பு வந்துச்சு. நரிக்குப் பயந்து போடுங்கன்னு ஆட்டுக்கிட்ட யாரும் சொல்லல. வந்ததுக்கப்புறம் நரிக்கும் அதைத் தாண்ட முடியல. சாப்பிடுங்க, ஆறுது."

இருவரும் ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரூபெர்ட் "ரொட்டி அருமை, சானாக்கா" என்றான்.

*

வெயில் சாய்வதற்குள் கல்லைப் பார்த்துவிட வேண்டும் என்று அல்பெர்டினா பிடிவாதம் பிடித்தாள். இருவரும் நடந்தார்கள். ஜூலைக் காற்று முகத்தை அறுத்தது. பட்டியைத் தாண்டி, காய்ந்த ஓடையைத் தாண்டி, சரிவின் அடிவாரத்தில் ஒரு தட்டையான மேடு. ஒரு காலத்தில் ஆடுகள் அடைந்த இடம். இன்னும் வாடை போகவில்லை. இந்த வாடைக்காகவே அவள் ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவைதான் இங்கே வந்திருந்தாள். அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் இந்த இடத்துக்கு எதிரே எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ஆட்டு மேடு. முக்கியமில்லை.'

அதை நினைத்தபோது காது சுட்டது.

கல் அங்கே இருந்தது. கட்டில் பலகை அகலம், நாலு விரல் தடிமன். சுற்றியுள்ள பாறையோடு மட்டமாக, பிறந்ததிலிருந்தே அங்கே கிடக்கிற மாதிரி. மேற்புறம் வழவழவென்று இருந்தது. ஓடைப் பக்கம் விளிம்பு வெளியே தெரிந்தது. அதைத்தான் ரூபெர்ட் மெருகேற்றியிருந்தான். மற்ற மூன்று பக்கமும் இடுக்கு முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஏதோ இறுகி, கல்லைப் பாறையோடு ஒட்டவைத்திருந்தது.

"இதுதான் அடைப்பு" என்றான் ரூபெர்ட். "இரும்பு கலந்த பழங்களிமண். பொந்துக்குள்ள படிஞ்சது. கல் இங்கேயே பிறந்ததுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

நகத்தால் ஒரு சிமிட்டா சுரண்டினான். பிறகு, மண்ணைப் படிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிறதைச் செய்தான். முன்பல்லில் வைத்து அரைத்துப் பார்த்தான். மணல் இருந்தால் பல்லில் நறநறக்கும், களிமண் என்றால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். கல்லூரியில் முதல் வருஷமே பழகிவிடுகிற பழக்கம்.

"நைஸா இருக்கு. பாரு."

அவளும் ஒரு சிமிட்டா எடுத்து அரைத்துப் பார்த்தாள். நறநறக்கவில்லை. ஒருவித புளிப்பு மட்டும் நாக்கில் நின்றது.

"களிமண்தான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"கல்லைக் கொஞ்சம் நெம்பிப் பார்க்கலாம்" என்றாள்.

"தொடக்கூடாது. இது இப்ப ஆதாரம். நாளைக்கு அவங்க பார்க்கிற வரைக்கும் இப்படியே இருக்கணும்." அவன் தொப்பியைக் கழற்றினான். தொப்பியைக் கழற்றினால் ஏதோ கேட்கப் போகிறான். "டீனா, நான் உன்னை அவமானப்படுத்த வரல. கட்டுரையில உன் பேரையும் போடறேன். ரெண்டாவதா. உன் ஒன்பது வருஷ அளவெல்லாம் வீணாப் போகாது. நீ ஏழாம் அடுக்கைக் கண்டுபிடிச்சே, நான் அதுக்கும் முன்னாடி இருந்ததைக் கண்டுபிடிச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்தே நிக்கலாம். நாளைக்கு மட்டும் இல்ல."

கடைசி மூன்று வார்த்தைகளை மெதுவாகச் சொன்னான். கண்ணில் கொஞ்சம் ஈரமும் வரவழைத்துக்கொண்டான். இந்த மாதிரி ஒரு மாலையில், இதே மலையில், அவளுடைய காலில் தைத்த முள்ளை அவன் பல்லால் எடுத்திருக்கிறான். அந்த ஆளும் இந்த ஆளும் ஒருவன்தான் என்பதுதான் எரிச்சல்.

"கல்யாணத்துலயும் நான் ரெண்டாவதுதான்" என்றாள் அல்பெர்டினா. "முதல் இடத்துல உன் பேர் இருந்துச்சு. நாளைக்குக் காலையில சொல்றேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். முதுகு நேராக இருந்தது. உள்ளே மட்டும் எல்லாம் ஆட்டம் கண்டிருந்தது. வவ்வால் கதை அபத்தம்தான். ஆனால் கிண்ணம் கிண்ணம்தானே. கல் அங்கே பிறந்தது என்றால் ஒன்பது வருஷமும் பொய். அபத்தமான ஆள் சரியான கல்லைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

*

விடிந்ததும் அல்பெர்டினா பட்டிக்குப் போனாள். சானா குந்தி உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். பாதி ஆடுகள் சினையாக இருந்தன. இன்னும் மூன்று வாரத்தில் குட்டி போட ஆரம்பித்துவிடும்.

"மூஞ்சியைப் பாரு" என்றாள் சானா. "மாப்பிள்ளை திரும்பிக் கட்டிக்கிறேன்னு சொன்னாரா?"

"கிட்டத்தட்ட."

"அட பாவமே. யாரு செஞ்ச புண்ணியமோ."

"அக்கா, கிண்டல் பண்ணாதே. என் வேலை போச்சு." அவள் வேலிக்கட்டையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ஆட்டு மேட்டில் கல், கல்லில் கிண்ணம், இடுக்கில் களிமண், பத்து மணிக்கு வரப்போகிற எட்டுப் பேர். அக்காவுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

சானாவின் கை நின்றது.

"எந்தக் கல்லு? ஓடை மேட்டுல, கட்டில் அகலத்துக்கு, மேல வழவழன்னு இருக்குமே, அதா?"

"ஆமா."

"அதை நான்தான்டி போட்டேன்."

அல்பெர்டினா புரியாமல் பார்த்தாள்.

"பஞ்சம் வந்த வருஷம். நீ படிக்கப் போயிருந்தே. தாய் ஆடு பகல்ல மேயப் போயிடும், குட்டியைக் கல்லுக் கூண்டுல அடைச்சு வைப்போம்ல? நரி சுவரைத் தாண்டாம அடியில பள்ளம் தோண்டி உள்ளே வந்துச்சு. ஒரே வாரத்துல பதினாலு குட்டி. அப்பதான் தரைக்குக் கல்லு போடணும்னு, மேல உன் மலையிலேர்ந்து உருண்டு கிடந்த பலகையைக் கழுதையைக் கட்டி, சங்கிலி போட்டு இழுத்துட்டு வந்தேன். அப்புறம் பட்டியை இங்க மாத்தினப்ப கூண்டுச் சுவரைப் பிரிச்சு எடுத்துட்டோம். தரைக்கல்லை யாரு தூக்குவா? அங்கேயே கிடக்குது."

"தலைகீழா ஏன் இருக்கு?"

"தலைகீழுன்னா?"

"கிண்ணம் கிண்ணமா, சொரசொரன்னு ஒரு பக்கம் இருந்திருக்குமே."

"அந்தப் பக்கத்தையா குட்டிக்கு மேல போடுவாங்க? குட்டி முட்டி போட்டுத்தானே நகரும். தொப்புள்கூட காய்ஞ்சிருக்காது. சொரசொரப்பு கீழ, வழவழப்பு மேல. கூண்டு கட்டுற எவளைக் கேட்டாலும் சொல்லுவா."

அல்பெர்டினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு ஒன்று ஞாபகம் வந்து நின்றது. "அக்கா, இடுக்குல பழுப்பா இறுகிப்போயிருக்கே, அது?"

"புழுக்கையும் மூத்திரமும் சாணமும் சேர்ந்தது. குழைச்சுப் பூசினா சிமெண்ட்டுக்கு மேல நிக்கும். ஏன்?"

அல்பெர்டினா நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டாள்.

சானா அவளையே பார்த்தாள். "கடிச்சுப் பார்த்தியா?"

அல்பெர்டினா புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"மாப்பிள்ளையுமா?"

"அவன்தான் முதல்ல."

சானா வாளியைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து ஆடு மிரண்டு நகர்ந்தது. சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கறக்க உட்கார்ந்தாள்.

"ஏழாம் அடுக்கு?" என்றாள் அல்பெர்டினா திடீரென்று. "அதையும் நீங்க யாராவது..."

"அது மலையோட மலையா இருக்கு. அதை இழுக்க நீ கட்டிக்கிட்டவரைத்தான் பூட்டணும்."

"அக்கா, பத்து மணிக்கு என்னோட வா. இதை அவங்ககிட்ட சொல்லு."

"எனக்கு வேலை இருக்கு."

"என் ஒன்பது வருஷம் அக்கா."

"ஒன்பது வருஷம்" என்றாள் சானா, மடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன்பது வருஷமா என் மலையில ஏறி இறங்கறே. ஒவ்வொரு கல்லையும் நக்கிக்கூடப் பார்த்திருக்கே. இந்தக் கல்லு எப்படி வந்துச்சு அக்கா, இந்த ஓடை எப்ப மாறுச்சு அக்கான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைக் கேட்டியா? உங்க ஆளுங்க வருஷா வருஷம் வர்றாங்க. ரொட்டி அருமைன்னு சொல்றாங்க. போறாங்க. நேத்து நான் புழுக்கை வரப்பு பத்திச் சொன்னேன். ரெண்டு பேரும் ரொட்டியைப் பார்த்தீங்க. நீயும் அந்த ஆளுக்குப் பொண்டாட்டியா இருந்தவதான்."

ஒரு வசவாக இதைவிடப் பெரியது கொராபிஸில் கிடையாது. அல்பெர்டினாவுக்குச் சுருக்கென்றது. ரூபெர்ட்டின் பூட்ஸைப் பார்த்து எரிச்சல்பட்டவள்தான், ஆட்டு வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு 'முக்கியமில்லை' என்று எழுதியவள்.

"கேட்கல" என்றாள். "தப்புதான்."

"உனக்காகன்னா ரொட்டி சுடுவேன். இது கல்லு விஷயம். கல்லு விஷயம்னா என் பேரு எழுதணும். உன் நோட்டுல, அப்புறம் அந்தச் சீனாக்கார அம்மா நோட்டுல. சூசன்னா கூப்பர், ஆடு வளர்ப்பு, கொராபிஸ். எழுத்துப் பிழை இல்லாம."

"எழுதறேன்."

"அப்ப வாளியைப் பிடி."

*

எட்டுப் பேரும் மேட்டைச் சுற்றி நின்றார்கள். பேராசிரியை லியாங் குள்ளமான, அறுபது வயதுப் பெண். காதுவரை கம்பளிக் குல்லாய். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ரூபெர்ட் அரை மணி நேரம் பேசினான். பொந்து, கூரை, பயம். 'பயம்' என்று சொல்லும்போதெல்லாம் கையை மூடித் திறந்தான். வவ்வாலை விடவில்லை. பழங்களிமண் வந்ததும், தானே பல்லில் வைத்துச் சோதித்ததாகப் பெருமையாகச் சொன்னான். பின்னால் நின்றிருந்த சானா முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள்.

"டாக்டர் கூப்பருக்கும் இதுல உடன்பாடுதான்" என்று முடித்தான், அல்பெர்டினா பக்கம் கையைக் காட்டி.

"இல்லை" என்றாள் அல்பெர்டினா. "இந்தக் கல்லை இங்கே வச்சவங்க பேசணும். சூசன்னா கூப்பர். என் அக்கா."

ரூபெர்ட் சிரித்தான். "சானாக்கா ரொம்ப நல்லவங்க. ஆடு மேய்க்கிறவங்க. ஐம்பத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முந்தின விஷயத்துல அவங்களை ஏன் சிரமப்படுத்தறே?"

"எனக்கு ஒண்ணும் சிரமமில்ல மாப்பிள்ளை" என்றாள் சானா முன்னால் வந்து. "எனக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின விஷயம்தான் தெரியும். அது போதும்."

கழுதை, சங்கிலி, நரி, பதினாலு குட்டி என்று அவள் சொல்லச் சொல்ல அல்பெர்டினா லியாங்குக்கு மொழிபெயர்த்தாள். லியாங் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கல்லைத் தூக்கினால் கீழே என்ன இருக்கும்?"

"தூக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் பார்த்துட்டுச் சொன்னேன்னு பேச்சு வரும்" என்றாள் சானா. "ரெண்டு விரல் உசரத்துக்குப் புழுக்கை. அது கல்லு ஆடாம இருக்கப் போட்டது. நடுவுல, ஆட்டுக் காதுல மாட்டுற மஞ்சள் எண் வில்லை ஒண்ணு இருக்கணும். பிளாஸ்டிக். நரி தின்ன குட்டியோடது, மனசு கேட்காம கீழே போட்டு வச்சேன். கல்லோட அடிப்பக்கம் உங்க கிண்ணமெல்லாம் நிமிர்ந்து நிக்கும். நிமிர்ந்துன்னா, இப்ப கவிழ்ந்து."

லியாங் தலையசைத்தார்.

"ஆதாரத்தைக் கலைக்கக் கூடாது" என்றான் ரூபெர்ட். குரல் சற்று உயர்ந்திருந்தது. யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. வண்டியிலிருந்து கடப்பாரை வந்தது. நான்கு பேர் நெம்பினார்கள். பழங்களிமண் பட்டென்று விட்டது, ஒரு வாடை கிளம்பியது. குளிர்காற்றிலும் அதை யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது. முன்வரிசையில் நின்றவர் கைக்குட்டையை எடுத்தார்.

கல் நிமிர்ந்தது. கீழே, அச்சு அச்சாக, கருப்பாக, இறுகிப்போன ஆட்டுப் புழுக்கை. நடுவில் ஒரு மஞ்சள் வில்லை. லியாங் குனிந்து அதை எடுத்து, துடைத்து, எண்ணைப் படித்துவிட்டு சானாவின் கையில் கொடுத்தார். சானா அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கல்லைப் புரட்டிப் போட்டார்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் முழங்காலிட்டார்கள்.

பக்கம் முழுக்கக் கிண்ணங்கள். நூற்றுக்கணக்கில். ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு, காம்பு ஊன்றி, வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு. அல்பெர்டினா ஒன்பது வருஷத்தில் இவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை. ஏழாம் அடுக்கின் கல், ஏழாம் அடுக்கின் நிறம். இதைவிட நல்ல துண்டு அவள் கொட்டகையில் ஒன்றுகூட இல்லை. நரிக்காகக் கவிழ்ந்து கிடந்ததால் காற்றும் மழையும் தொடாமல் பிழைத்திருந்தது.

"ஏழாம் அடுக்கு நிற்கிறது" என்றார் லியாங். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "கல்லின் சாட்சி. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்."

சானா எழுத்தெழுத்தாகச் சொன்னாள். லியாங் எழுதியதை எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

அல்பெர்டினாவும் தன் பழைய நோட்டை எடுத்து, 'ஆட்டு மேடு. முக்கியமில்லை' என்பதற்குக் கீழே எழுதினாள்: 'பார்க்காமல் எழுதியது.' அதற்கும் கீழே, எழுத்துப் பிழை இல்லாமல்: 'சூசன்னா கூப்பர், ஆடு வளர்ப்பு, கொராபிஸ்.'

ரூபெர்ட் ஓரமாக நின்று தண்ணீர்ப் பாட்டிலால் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. இப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்திருக்க வேண்டும். அல்பெர்டினா அருகே போனாள்.

"நானும்தான் தின்னேன்" என்றாள். "பயப்படாதே, சாக மாட்டே."

"நீ என்னை எட்டுப் பேர் முன்னாடி..."

"நீ கல்லைப் புரட்டியிருக்கலாம். நேத்து நெம்பலாம்னு சொன்னேன். தொடாதேன்னு சொன்னே." அவளுக்கே ஆச்சரியமாக, கோபம் வரவில்லை. பழைய பாசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று நேற்று நினைத்தாளே, அதுவும் வரவில்லை. முள்ளைப் பல்லால் எடுத்தவன் எப்போதோ போய்விட்டான். இங்கே நிற்பது அவனுடைய ஓடு மட்டும்.

லியாங் அந்தக் கல்லை அருங்காட்சியகத்துக்குக் கேட்டார். சானா யோசித்தாள்.

"எடுத்துக்குங்க. ஆனா மூணு வாரத்துல குட்டி போட ஆரம்பிச்சிடும். புதுக் கூண்டுக்கு இதையே கொண்டு போகலாம்னு இருந்தேன். பதிலுக்கு இதே அளவுல ஒரு பலகைக்கல் வேணும். ஓடையில கிடக்குது, தூக்கத்தான் ஆள் இல்ல." அவள் பார்வை சுற்றி வந்து புத்தம் புதிய பூட்ஸில் நின்றது. "மாப்பிள்ளை சும்மாதானே நிக்கிறார்."

எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க முடியாது. ரூபெர்ட் ஓடையில் இறங்கினான். கூட வந்த ஐந்து பேர் கைகொடுக்க, கல்லின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பட்டிக்கு நடந்தான். சினை ஆடுகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பூட்ஸ் இரண்டும் கணுக்கால் வரை பழுப்பாகியிருந்தன.

கூண்டுக்கு உள்ளே கல்லை இறக்கப் போகும்போது அவன் நின்றான். திரும்பி சானாவைப் பார்த்தான். கேட்க அவனுக்குப் பிடிக்கவே இல்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

"எந்தப் பக்கம் மேல?"

சானா பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "முட்டி போட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்றாள். "எந்தப் பக்கம் வலிக்கலையோ, அது."